பூட்டும் திறவுகோலும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் மூத்தோர் பெங்களூரில் ஆலைகளிலும் தண்டுப் பகுதியிலும் உழைத்து வாழ்ந்தனர். 1985ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் இந்நகரில் தன் வடிவமைப்புக் கூடத்தை நிறுவியது. அதன்பின் சில்லு வடிவமைத்தலும் இவ்வூர்த் தொழில்களுள் ஒன்றாயிற்று. இன்று அத்துறையில் பணிபுரியும் மகனிடம் ‘என்ன வேலையப்பா?’ என்று தாய் வினவினால், ‘பூட்டுச் செய்கிறேன் அம்மா’ என்று அவன் விடை கூறலாம். அப்பூட்டைப் பற்றியே சில சொற்கள் பேச விரும்புகிறேன்.

கைப்பேசியின் சிம் கார்டைக் கருதுங்கள். அதன் பொன்னிறத் தகட்டின்கீழ் ஒரு சிறு கணிப்பொறியே உறைகிறது. அதனுள் ஓர் இரகசிய எண் உண்டு. தொலைபேசி நிலையம் அவ்வெண்ணைக் கேட்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதியதோர் எண்ணை அனுப்புகிறது. கார்டு அதனைத் தன் இரகசிய எண்ணோடு சேர்த்துக் கணக்கிட்டு, விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. நிலையமும் அதே கணக்கைச் செய்து ஒப்பிட்டுப் பார்க்கிறது. இடையில் ஒட்டுக் கேட்பவனுக்கு விடை கிட்டலாம்; திறவுகோல் கிட்டாது.

மோட்டார் காரின் தடையையும் இயந்திரத்தையும் ஆள்பவை இத்தகைய சில்லுகளே. 2015இல் அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர் இருவர், பல மைல் தொலைவில் வீட்டிலிருந்தவாறே, நெடுஞ்சாலையில் ஓடிய ஜீப் ஒன்றின் வேகத்தை அடக்கிக் காட்டினர். வண்டியின் வானொலிப் பெட்டியிலிருந்த ஒரு சில்லு, புதிய கட்டளைத் தொகுதியை எழுதியவர் யாரென ஆராயாமல் ஏற்றதே அதற்கு வழி திறந்தது. 14 இலட்சம் வண்டிகள் திருத்தத்திற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. காப்புடைய சில்லோ, விழித்தெழும்போதே கட்டளைத் தொகுதியில் உரியவரின் முத்திரை உளதா எனச் சோதிக்கும். ஓர் எழுத்து மாறியிருப்பினும் இயங்க மறுக்கும்.

அவ்வாறாயின், பூட்டின் அமைப்பையே மறைத்து வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அது தவறு. காப்பு திறவுகோலில் இருத்தல் வேண்டும், அமைப்பின் மறைவில் அன்று என 1883ஆம் ஆண்டிலேயே கெர்க்கோஃப்ஸ் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். பலர் ஆராய்ந்தால் குறைகள் வெளிப்படும், வெளிப்பட்டால் திருத்தலாம்.

இந்நெறி நம் தாயகத்தில் தழைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி அவர்களின் குழு, எவரும் ஆராயத்தக்க ‘சக்தி’ என்னும் கணிப்பொறி அமைப்பை உருவாக்கி, 2018இல் சில்லாகவும் இயக்கிக் காட்டியது. அதனை அடிப்படையாகக் கொண்டு, காப்புடைய சில்லு ஒன்றைச் சென்னையின் மைண்ட்குரோவ் நிறுவனம் 2024இல் அறிமுகப்படுத்தியது.

பிறர் செய்த பூட்டை வாங்கி மாட்டுவோர், அதனைச் செய்தவரை நம்பியே உறங்க வேண்டும். பூட்டின் உள்ளமைப்பை அறிந்தவரோ தாமே சோதித்துத் தெளியலாம். ஆகவே இளைஞர்களே! சில்லைப் பயன்படுத்தக் கற்பதோடு அமையாதீர். அதன் உள்ளே நோக்கவும், குறை கண்டவிடத்து அஞ்சாது உரைக்கவும் கற்பீராக. நீங்கள் செய்யும் பூட்டை நம்பியே நாளை ஒரு குடும்பம் காரில் ஏறும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!