பனிப்பட்டைக்குக் காத்திருப்போர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'கவிதையும் பருவமும்' என்ற பொருளில் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். காரையும் இளவேனிலையும் பற்றிப் பேச என்னினும் வல்லவர் பலர் இந்த அவையில் உளர். ஆகவே, இந்த ரொறன்ரோ மாநகரில் ஆண்டில் பல திங்கள் நம் வாசலில் கிடந்தும் நம் கவிதையில் சரியாகப் பார்க்கப்படாத ஒன்றை எடுத்துக்கொண்டேன். அது பனிப்பொழிவு. அதிலும், வருவது உறுதி, விழும் இடம் உறுதியில்லை என்னும் வகைப் பனிப்பொழிவு. அதற்காகக் கண்விழித்துக் காத்திருக்கும் சிலரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நமக்கு வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவில் பாரி என்றொரு நகரம் இருக்கிறது. முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கே ஒரு தொழிற்சாலையில் நான் பல ஆண்டுகள் வேலை செய்தேன். 400ஆம் நெடுஞ்சாலையில் வெயிலில் புறப்பட்டுப் போவேன். வழியில் ஓரிடத்தில் வெள்ளைச் சுவர் ஒன்று சாலையின் குறுக்கே நிற்கும். உள்ளே நுழைந்தால் முன்னால் செல்லும் வண்டியின் விளக்குக்கூடத் தெரியாது. சில கிலோமீற்றர் கடந்ததும் மறுபடி வெயில். முதல் முறை அதைக் கண்டபோது உயிர்ப்பயம் ஒன்றுதான் எனக்கு எஞ்சியது.

என்னுடன் வேலை செய்த முதியவர் ஒருவர் அந்தச் சுவருக்காகவே ஆண்டெல்லாம் காத்திருப்பவர். அவர் வானிலையாளர் அல்லர். இயந்திரம் பழுது பார்ப்பவர். இடைவேளையில் நாமெல்லாம் தேநீர் அருந்தும்போது அவர் காற்றின் திசையைக் குறித்துக்கொண்டிருப்பார். நான் அறிந்ததில் பெரும்பகுதி அவரிடம் கேட்டது.

இந்தப் பனி பிறக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடையில் வெயிலைக் குடித்த பேரேரிகள் அந்த வெப்பத்தை எளிதில் விடுவதில்லை. கார்த்திகை, மார்கழியில் வடதுருவத்திலிருந்து குளிர்காற்று இறங்கி, இன்னும் உறையாத அந்த நீரின்மேல் செல்கிறது. காற்றின் அடிப்பகுதி வெப்பத்தையும் ஈரத்தையும் ஏற்று மேலெழுகிறது, மேகமாகிறது, கரையேறியதும் பனியாகக் கொட்டுகிறது. நீரின் மேற்பரப்புக்கும் ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்துக் காற்றுக்கும் இடையே 13 பாகை செல்சியஸ் வேறுபாடேனும் இருந்தால்தான் இது வலுக்கொள்ளும் என்பது பொதுக் கணக்கு.

காற்று ஏரியின் குறுக்கே வீசினால் மெல்லிய பல கீற்றுகள் உண்டாகும். நீளவாக்கில் வீசினால் அனைத்தும் ஒன்று திரண்டு ஒரே பட்டையாகும். ஈரி ஏரி ஏறத்தாழ 390 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கு முனையில் அமெரிக்காவின் பஃபலோ நகரம் இருக்கிறது. மேற்கு, தென்மேற்கிலிருந்து காற்று நெடுகிலும் ஓடி வந்தால், சில கிலோமீற்றரே அகலமுள்ள ஒரு பட்டை அந்நகரின்மேலோ அதன் அயலிலோ வந்து நிற்கும். பட்டைக்குள் மணிக்குப் பத்துச் சென்ரிமீற்றர் பனி விழுவதும், இடையே இடி முழங்குவதும் உண்டு. பட்டைக்கு வெளியே நிலவு காயும்.

இனிக் காத்திருப்போரின் கதைக்கு வருகிறேன். பனி வரப்போகிறது என்பது மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடும். எந்த ஊருக்கு என்பதுதான் தெரியாது. காற்றின் திசை பத்துப் பாகை திரும்பினால், நூறு கிலோமீற்றருக்கு அப்பால் பட்டை ஏறத்தாழ 17 கிலோமீற்றர் விலகிவிடும். ஓரூருக்கு வர வேண்டிய ஐந்தடிப் பனி அடுத்த ஊருக்குப் போய்விடும்.

இந்த நிச்சயமின்மை அறிஞரின் அறியாமையால் மட்டும் வருவதன்று. 1961இல் எட்வர்ட் லோரென்ஸ் என்ற அறிஞர் ஒரு வானிலைக் கணக்கைக் கணினியில் மீண்டும் ஓட்டினார். 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று சுருக்கி இட்டார். சிறிது நேரத்தில் இரண்டாவது வானிலை முதலாவதோடு எவ்வித உறவும் இல்லாததாகிவிட்டது. ஓரெழுத்து மாறினால் அடியே மாறிவிடும் என்பதை அறிந்த கவிஞர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனினும் அவர்கள் காத்திருக்கிறார்கள். ஏரியின் நீர் வெப்பநிலையைப் பார்ப்பார்கள். பஃபலோவில் அது 1927 முதல் பதியப்பட்டு வருகிறது. ஈரி ஆழமில்லாத ஏரியாகையால், அது உறைந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். உறைந்தால் அந்த ஆண்டின் ஆட்டம் ஏறக்குறைய முடிந்தது. ஒவ்வொரு புதிய கணினிக் கணிப்பிலும் பட்டை சற்று வடக்கே போகும், சற்றுத் தெற்கே வரும். அத்துடன் அவர்கள் முகமும் மாறும். இறுதி இரவில் கணிப்பையெல்லாம் விட்டுவிட்டு, தெருவிளக்கின் ஒளிவட்டத்தை யன்னல்வழி பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் துகள் அங்கேதான் கண்ணுக்குப் படும்.

ஓர் ஆண்டு என் நண்பர் நான்கு நாட்கள் இவ்வாறு காத்திருந்தார். ஐந்தாம் நாள் காலை அவர் வீட்டு முற்றம் வெறும் புல்தரை. பட்டை வடக்கே விழுந்துவிட்டது. நான் சற்றுக் கேலியாக, "இன்றைக்கு எழுத ஒன்றுமில்லைப் போலும்" என்றேன். அவர் குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். நாளுக்கு நேரே தெளிவாக 0 என்று எழுதியிருந்தார். "பனி விழுந்துதான் இருக்கிறது. வடக்கே யாரோ அதை அளந்திருப்பார். என் சுழியம் இல்லாவிட்டால் அவருடைய பட்டை எங்கே முடிந்தது என்று எவருக்கும் தெரியாது" என்றார்.

நண்பர்களே, அந்தச் சொல் என்னைத் தைத்தது.

அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1997 ஜூலையில் கொலராடோ மாநிலத்தின் போர்ட் கொலின்ஸ் நகரில் ஒரு பகுதியில் பெருமழை கொட்டி, வெள்ளத்தில் ஐவர் இறந்தனர். சில மைல் தள்ளி மழை சொற்பம். அதன் பின் 1998இல் அங்கே தன்னார்வலர்கள் தத்தம் முற்றத்தில் மழையையும் ஆலங்கட்டியையும் பனியையும் அளந்து அனுப்பும் ஓர் அமைப்புத் தோன்றியது. அது பின்னர் கனடாவுக்கும் வந்தது. ஒன்றும் விழாத நாளிலும் சுழியத்தைப் பதிய வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்துகிறார்கள்.

அளப்பதற்கும் யாப்பு உண்டு. வெள்ளை வண்ணம் பூசிய பலகையைத் திறந்த வெளியில் வைத்து, அதன்மேல் விழுந்ததை அளக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் பலகையைத் துடைக்கலாகாது. ஏனெனில் பனி தன் பாரத்தாலேயே அமுங்கும். அடிக்கடி துடைத்து அளந்தால் கூட்டுத்தொகை வீங்கிவிடும். 1997 ஜனவரி 11, 12 தேதிகளில் ஒன்ராறியோ ஏரிக்குக் கிழக்கே, நியூயோர்க் மாநிலத்தின் மொன்ரகியூ என்ற சிற்றூரில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் பதிவாயிற்று. அதுவரை அந்நாட்டின் உச்சம் 1921இல் கொலராடோவின் சில்வர் லேக்கில் பதிவான 75.8 அங்குலம். புதிய உச்சம் என்று ஆர்வலர்கள் மகிழ்ந்தனர். ஆராய்ந்த குழு, அந்த 24 மணி நேரத்தில் நான்குக்கு மேற்பட்ட முறை அளந்து கூட்டியிருப்பதைக் கண்டு அதனை உச்சமாக ஏற்கவில்லை. பனி பொய்யன்று, அளந்தவரும் பொய்யர் அல்லர். ஆனால் மகிழ்ச்சி வேறு, அளவு வேறு. மகிழ்ச்சிக்காக அளவை நெகிழ்த்தலாகாது என்று முடிவாயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழும். நானே என் நண்பரிடம் கேட்டது. மனிதர் இறக்கும் ஒன்றை ஒருவர் எப்படி விரும்பலாம்? 2014 நவம்பரில் பட்டை பஃபலோவின் தென்பகுதியில் நிலைகொண்டது. அடுத்தடுத்து வந்த இரு பொழிவுகளில் சில இடங்களில் ஏழடி வரை பனி சேர்ந்தது. நகரின் வடபகுதியில் சில அங்குலமே. அங்கிருந்தோர் நீல வானின்கீழ் நின்று அந்தச் சுவரைப் படம் பிடித்தனர். சுவருக்குள் நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஒரு நாளுக்கு மேல் சிக்கிக் கிடந்தன. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2022 நவம்பரில் மீண்டும் ஆறடிக்கு மேல் விழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்தது பட்டை மட்டுமன்று, சூறைக்காற்றோடு கூடிய பெரும்பனிப்புயல். நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

இந்தக் கேள்வி புதிதன்று. ஜப்பானின் மேற்குக் கரையிலும் இதே வகைப் பனி உண்டு. ஏரிக்குப் பதில் அங்கே கடல். அந்த எச்சிகோ நாட்டு வணிகர் சுசுகி பொகுஷி 'ஹொகுஎட்சு செப்பு' என்ற நூலை நெடுங்காலம் முயன்று 1837இல் வெளிக்கொணர்ந்தார். மெல்லிய பனி கண்ட நகரத்தார் கவி பாடி மகிழ்கின்றனர். கூரையைப் புதைக்கும் பனியில் வாழ்வோருக்கு அது உழைப்பும் துயரமும் என்பது அவர் குறை. ஆயினும் அவர் பனியை வெறுத்து எழுதவில்லை. பனித்துகளின் வடிவம் முதல் பனிச்சரிவில் மாண்டவர் கதை வரை அனைத்தையும் கண்டு எழுதினார்.

என் நண்பரின் விடையும் அதனோடு ஒத்ததே. "என் விருப்பத்தால் அது வருவதுமில்லை, வெறுப்பால் நிற்பதுமில்லை. கூர்ந்து பார்ப்பவர் இருந்தால் அடுத்த ஊருக்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்ல முடியும்" என்றார். பனி கொட்டிய மறுநாள் அவர் முதலில் தம் பலகையை அளப்பார். அடுத்து, தனித்து வாழும் அயலவரின் வாசலை வழித்துக் கொடுப்பார். ஒன்றுக்கொன்று முரண் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

நிறைவாக நம்மிடம் வருகிறேன். தமிழில் 'பனி' என்ற ஒரே சொல் புல் நுனியின் துளியையும், மார்கழி மூடுபனியையும், இந்நாட்டு வெண்பொழிவையும் குறிக்கிறது. முன்பனி, பின்பனி என்று பருவம் வகுத்த தொல்காப்பியம் இந்தப் பனியைக் கருதியதன்று. புலம்பெயர்ந்த நம்மவர் சிலர் பனி நிலத்தை ஆறாம் திணை என்பர். நன்று. ஆனால் திணைக்கு முதற்பொருள் நிலமும் பொழுதும். அவற்றை அறியாமல் உரிப்பொருளை மட்டும் ஏற்றினால் அது திணையாகாது.

பிறரைக் குறை சொல்லவில்லை. 1990இல் நான் எழுதிய முதல் பனிக்கவிதையில் பனியை வெள்ளைச் சேலை என்றேன். ஊரில் விட்டு வந்த துயரத்தைப் போர்த்த ஒரு துணி எனக்குத் தேவைப்பட்டது. துயரம் மெய். ஆனால் அன்று விழுந்தது ஈரப்பனியா, பொடிப்பனியா, எத்திசைக் காற்றில் வந்தது என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது. நான் யன்னலைத் திறந்தே பார்க்கவில்லை.

இந்தப் பத்தாண்டுகளில் நாம் கூடிய மாலைகள் பலவற்றில் கவிதை வரும் என்று காத்திருந்தோம். சில மாலை வந்தது. சில மாலை வேறு யாருக்கோ போயிற்று. அந்த மாலைகளையும் நம் குறிப்பேடு மறைக்காமல் பதிந்திருக்குமானால், அடுத்த பத்தாண்டில் வருவோருக்கு நம் பட்டை எதுவரை என்று தெரியும். இவ்வாண்டு முதற்பனி விழும் இரவில் தெருவிளக்கைச் சற்று நேரம் பாருங்கள். கண்டதை எழுதுங்கள். ஒன்றும் விழாவிட்டால் சுழியம் என்று எழுதுங்கள்.