எழுதி முடித்த தேர்வும் முடியாத கனவும்

 

பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் கனவு குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். கவிஞர்கள் கூடிய அவையில் கனவு என்றதும் காதற் கனவும் இலட்சியக் கனவுமே முன்னிற்கும். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ அழகில்லாத ஒரு கனவு. ஆயினும் இங்குள்ளோருட் பலர் அதனைக் கண்டிருப்பீர்கள்.

தேர்வுக் கூடம். வினாத்தாள் கைக்கு வருகிறது. அந்தப் பாடத்தை நாம் படித்ததே இல்லை. நுழைவுச் சீட்டைக் காணோம், பேனாவில் மை இல்லை, மணி அடித்துவிடுகிறது. திடுக்கிட்டு விழித்தால், பட்டம் பெற்று இருபதாண்டுகள் ஆகியிருக்கின்றன! தொழிலுக்கேற்ப இக்கனவு வேடம் மாற்றிக்கொள்ளும். நாடக நடிகருக்குத் திரை விலகியபின் வசனம் மறந்துபோகும். ஆசிரியர் தம் வகுப்பறையைத் தேடித் தேடி அலைவார். வீட்டுப் பொறுப்பைச் சுமக்கும் பெண்ணுக்கோ, பந்தியில் இலை போட்டாயிற்று, அடுப்பில் உலை ஏறியிருக்காது. வேடம் எதுவாயினும் உள்ளிருக்கும் சொல் ஒன்றே: ‘நான் ஆயத்தமாக இல்லை.’

நம் காப்பியங்கள் காட்டும் கனவுகள் பெரும்பாலும் வருவதை முன்னுரைப்பவை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கண்ட கனவும், கோவலன் கண்ட கனவும், பாண்டிமாதேவி கண்ட கனவும் பின்னர் நிகழப்போவதன் நிழல்களே. சிந்தாமணியில் விசயையின் கனவும் அத்தகையதே. இன்ன யாமத்திற் கண்டது இன்ன காலத்திற் பலிக்கும் எனக் கணக்கிட்டுச் சொல்லும் கனாநூல் மரபும் நம்மிடம் உண்டு. ‘விடியற்காலைக் கனவு பலிக்கும்’ என்று இன்றும் வீடுகளிற் சொல்லுகிறோம். இந்தப் பழக்கத்தினால் தேர்வுக் கனவையும் வருவதுரைக்கும் கனவாகவே கொண்டுவிடுகிறோம். நான் மறுக்க விரும்புவது இதனைத்தான்.

வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு 1899-ஆம் ஆண்டின் இறுதியில், 1900 என ஆண்டு பொறித்து வெளியிட்ட நூல் ‘கனவுகளின் விளக்கம்’. அந்நூல் தேர்வுக் கனவைத் தனியே ஆராய்கிறது. அதற்கு ஒரு திறவுகோலைத் தந்தவர் வில்ஹெல்ம் ஸ்டெக்கல் என்னும் மருத்துவர். தேறிய தேர்வே கனவில் வரும், தோற்ற தேர்வு வருவதில்லை என்பது அவர் கண்டது. ஃபிராய்டும் தம்மையே சான்றாகக் காட்டினார். அவர் தவறியது சட்ட மருத்துவத் தேர்வில். அது ஒருநாளும் அவர் கனவில் வந்ததில்லை. தேறிய தாவரவியலும் விலங்கியலும் வேதியியலுமே மீண்டும் மீண்டும் வந்தன. மறுநாள் பொறுப்பான செயலொன்று காத்திருக்கும் இரவில் இக்கனவு வருகிறது என்றும், ‘அன்றும் இப்படித்தான் அஞ்சினாய், ஒன்றும் நேர்ந்துவிடவில்லையே’ என்று அது ஆறுதல் கூறுகிறது என்றும் அவர் பொருள் கண்டார்.

ஆறுதல் கூற வந்த கனவு ஏன் அச்சுறுத்துகிறது? ‘நான்தான் தேறிவிட்டேனே’ என்னும் நினைவு அப்போது எங்கே போயிற்று? பின்வந்த அறிவியல் இதற்கு ஓரளவு விடை தருகிறது. விழிகள் மூடிய இமைக்குள் விரைந்து அசையும் உறக்கநிலை ஒன்று உண்டென்று 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்டனர். தெளிவான கனவுகள் மிகுதியும் தோன்றுவது அந்நிலையில். அப்போது மூளையில் உணர்ச்சிக்குரிய பகுதிகள் முனைப்பாக இயங்க, சீர்தூக்கிப் பார்க்கும் முன்மூளைப் பகுதிகள் சில அடங்கியிருக்கின்றன. எனவே அச்சம் முழுமையாக இருக்கிறது. அதனைத் திருத்தவல்ல அறிவு உறங்குகிறது. முனைவர் பட்டம் அக்கூடத்திற்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்கிறது.

இனி, இக்கனவு பலிக்குமா என்னும் வினா. பாரிசில் மருத்துவப் படிப்புக்கான போட்டித் தேர்வு எழுதிய மாணவரிடம் நடத்திய ஆய்வொன்று 2014-இல் வெளிவந்தது. விடையளித்தோர் 719 பேர். தேர்வுக்கு முந்தைய இரவில் அத்தேர்வையே கனவிற் கண்டோர் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபதின்மர். அக்கனவுகளிற் பெரும்பாலானவை கெட்ட கனவுகள்: காலந்தாழ்ந்து போதல், விடை தெரியாமல் விழித்தல் போன்றவை. ஆனால் மதிப்பெண் வந்தபோது, தேர்வைக் கனவிற் கண்டோர் காணாதோரை விட மேம்பட்டே இருந்தனர். கனவு மதிப்பெண்ணைக் கூட்டியது என்று இதற்குப் பொருளன்று. எதன்மேல் அக்கறை மிகுதியோ, அதற்காக உழைப்பும் மிகும். அது கனவிலும் வரும். எவ்வாறாயினும், கனவில் தோற்றவர் நனவிலும் தோற்பார் என்பதற்கு அங்கே இடமில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. புலி துரத்தும் கனவும் கள்வன் புகும் கனவும் இடை இரண்டன்பாற்படும். தேர்வுக் கனவு நான்காவதைச் சார்ந்தது என்பது என் கருத்து. நம்மை வினவும் உரிமை படைத்தவர் எவரோ அவர்முன் வெறுங்கையோடு நிற்கும் அச்சம் அது. விலங்குக்கு அஞ்சுவோர் விலங்கை மதிப்பதில்லை. இறைக்கு அஞ்சும் அச்சத்திலோ மதிப்பும் கலந்திருக்கிறது.

இவ்வச்சத்தை நம் புலவர்கள் விழித்திருந்தே பாடினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் அவையடக்கம். செய்யுளியலிலேயே அதற்கு இலக்கணம் உண்டு. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைக் கண்டார் கம்பர். அதனை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்குவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. தேர்வுக் கனவு உறக்கத்தில் நடுங்கிச் சொல்வதை அவையடக்கம் பகலில் நிமிர்ந்து சொல்கிறது. இரண்டிற்கும் வேறுபாடு ஒன்றே: அவையடக்கம் பாடிய புலவர் அத்துடன் நின்றுவிடவில்லை; அடுத்த பாடலைத் தொடங்கினார்.

அன்பர்களே, இதனை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. முதுகலையில் முதல் வகுப்பில் தேறிய மாணவி ஒருத்தி, விரிவுரையாளர் தகுதித் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தும் எழுதச் செல்லவில்லை. “விடியற்காலைக் கனவிலேயே தோற்றுவிட்டேன் அம்மா” என்றாள். அவள் குடும்பத்திற் கல்லூரிப் படி மிதித்த முதல் பெண் அவள். கனவில் மேற்பார்வையாளர் நுழைவுச் சீட்டைக் கேட்டாராம், அவளிடம் இல்லையாம். ‘உனக்கு இங்கே என்ன வேலை?’ என்று ஊரும் உறவும் பகலில் அவளைக் கேட்ட கேள்வியல்லவா இரவில் அந்த வடிவில் வந்தது!

ஃபிராய்டு கண்ட ஆறுதல், முன்பு வென்றதை நினைத்துத் தேறக்கூடியவர்க்குப் பொருந்தும். தன் குலத்தில் தனக்கு முன் எவரும் அக்கூடத்திற்குள் புகாதவர்க்கு, அவர் தேறியிருந்தாலும், இக்கனவு ஆறுதலாவதில்லை. பழைய தடையாகவே திரும்புகிறது. அவர்களுக்குத்தான் நாம் சொல்லவேண்டும்: அக்கனவு உன் தகுதிக்குச் சான்றன்று, உன்னை நோக்கி எழுப்பப்பட்ட கேள்விகளின் எதிரொலி.

இவ்வட்டத்திலும் அத்தகையோர் இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் வந்து கேட்டு, குறிப்பேடு நிறைய எழுதி, கவியரங்கிற்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்திற் பின்வாங்குவோரை எந்த ஊர் அமைப்பிலும் காணலாம். பகைவர் நடுவிற் சாகத் துணிவோர் பலர், அவையில் அஞ்சாது நிற்போர் சிலர் என்று வள்ளுவர் கண்டதும் இவ்வருமையைத்தான்.

அப்படியானால் இக்கனவை என்ன செய்வது? விழித்தவுடன் ஒன்றைப் பார்க்கலாம்: செய்யவேண்டிய வேலை ஏதேனும் உண்மையிலேயே மீதி உண்டா? உண்டெனில் எழுந்து அதனைச் செய்வோம். கனவு நினைவூட்டியதாகக் கொள்வோம். இல்லையெனில், நாம் மதிக்கும் ஒன்றின்முன் நிற்கப்போகிறோம் என்பதற்கு அடையாளமாக அதனை ஏற்று, குறித்த நேரத்தில் அவைக்கு வருவோம். கவிஞனுக்கு அந்த இறை தமிழ்தான். அதன்முன் முற்றும் ஆயத்தமாகி நின்றவர் எவரும் இலர், கம்பரே பூனையானார்.

பெயர் கொடுத்துவிட்டு வாராதவரின் பெயரை அடுத்த கூட்டத்திலும் முதலிற் படியுங்கள். பத்தாண்டு கண்ட வட்டத்திடம் இவ்விழாவில் நான் வேண்டுவது இதுவே.