பனித்தளத்தில் மகளிர்



விளையாட்டு என்றதும் நம் நினைவுக்கு வருவன பந்தும் திடலும் வெயிலுமே. ஆண்டு முழுவதும் வெப்பம் குறையாத நம் நாட்டில், பனிக்கட்டியோடு நமக்குள்ள உறவு கடைக்காரர் துருவித் தரும் ஐஸ் கச்சாங்கோடு முடிந்துவிடுகிறது. ஆனால் ஏரியும் ஆறும் உறைந்து தரையாகிவிடும் கனடா நாட்டில், பனிக்கட்டியின்மேல் கல்லைத் தள்ளி ஆடும் ஒரு விளையாட்டு சிற்றூர்தோறும் வேரூன்றியிருக்கிறது. அதன் பெயர் கர்லிங். அந்த விளையாட்டில் கனடாப் பெண்களுக்கென்று ஆண்டுதோறும் நடைபெறும் தேசியப் போட்டியைப் பற்றியே இன்று பேசவிருக்கிறோம்.

முதலில் ஆட்டத்தைக் கண்முன் கொண்டுவந்துவிடுவோம். வானொலியில் படம் காட்ட இயலாதல்லவா? நேயர்கள் கேரம் பலகையை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். பலகைக்குப் பதிலாக, ஏறக்குறைய 45 மீட்டர் நீளமும் 5 மீட்டருக்குள் அகலமும் உடைய பனித்தளம். அதன் இரு கோடியிலும், ஒன்றினுள் ஒன்றாக வரைந்த வட்டங்கள். வெளிவட்டத்தின் விட்டம் 12 அடி. இதற்கு 'வீடு' என்று பெயர். காய்க்குப் பதிலாக, மேலே கைப்பிடி பொருத்திய வட்டமான கருங்கல். அதன் எடை 17 கிலோவிலிருந்து 20 கிலோ வரை இருக்கும். இந்த விளையாட்டின் தாயகம் ஸ்காட்லாந்து. அந்நாட்டுக் கரைக்கு அப்பால் உள்ள ஐல்சா கிரெய்க் என்னும் சிறு தீவின் கருங்கல்லே இதற்குப் பேர்போனது. கனடாவில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் 1807-ஆம் ஆண்டிலேயே மொன்றியல் நகரில் கர்லிங் கழகம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள்.

ஆட்டக்காரி கல்லை எறிவதில்லை. குனிந்து, ஒரு காலை உதைத்து, கல்லோடு தானும் பனியில் வழுக்கிச் சென்று, குறிப்பிட்ட கோட்டைத் தாண்டுமுன் கைப்பிடியை மெல்லத் திருப்பி விட்டுவிடுகிறாள். அந்தச் சிறு சுழற்சியால் கல் நேராகப் போகாமல் போகப் போக ஒரு பக்கமாக வளைகிறது. ஆட்டம் தொடங்குமுன் பனித்தளத்தின்மேல் மழைத்தூறல்போல் நீர்த்துளிகளைத் தெளிக்கிறார்கள். அவை உறைந்து சிறு சிறு புள்ளிகளாக நிற்கின்றன. கல் அந்தப் புள்ளிகளின் தலைமேல்தான் ஓடுகிறது. தளம் வழவழவென்று இருந்தால் கல் நன்றாக ஓடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மை அதற்கு நேர்மாறு.

இனி வருவதுதான் வேடிக்கை. கல் ஓடும்போது அதற்கு முன்னால் இரு பெண்கள் கையில் துடைப்பத்தோடு ஓடி, பனியை 'சரக் சரக்'கென்று தேய்க்கிறார்கள். முன்னாளில் உண்மையான விளக்குமாற்றையே பயன்படுத்தினார்கள். இக்காலத்தில் துணி பொருத்திய தட்டைத் தலை. தேய்ப்பதால் பனியின் மேற்பரப்பு சற்றே சூடேறி, உராய்வு குறைகிறது. கல் இன்னும் சில மீட்டர் கூடுதலாக ஓடும், வளைவும் குறையும். மறுகோடியில் நின்று வழிகாட்டும் குழுத் தலைவி, "தேய், தேய்!" என்று தொண்டை கிழியக் கத்துவாள். ஆகவே ஒருத்தி விட்ட கல்லை மற்ற மூவரும் சேர்ந்தே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்.

குழுவுக்கு நால்வர். ஒவ்வொருவருக்கும் இரண்டு கல். இரு குழுவும் மாறி மாறிப் பதினாறு கற்களையும் விட்டு முடித்தால் ஒரு சுற்று. வீட்டின் நடுப்புள்ளிக்கு மிக அருகில் எந்தக் குழுவின் கல் கிடக்கிறதோ, அந்தக் குழுவுக்கு மட்டுமே புள்ளி. தேசியப் போட்டியில் பத்துச் சுற்றுகள். கடைசிக் கல்லை விடும் உரிமையைச் 'சுத்தியல்' என்கிறார்கள். புள்ளி எடுத்த குழு அடுத்த சுற்றில் சுத்தியலை எதிரிக்குக் கொடுத்துவிட வேண்டும். அதனால், ஒரு புள்ளி கிடைப்பதை வேண்டாமென்று விட்டுவிட்டு, சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றில் இரண்டாக எடுக்கப் பார்ப்பதும் உண்டு. பொறுமையும் கணக்கும் தெரிந்தவர்கள் ஆட்டம் இது.

நாம் இங்கே ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். குண்டு எறிதலில் ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ. கர்லிங்கில் அந்த வேறுபாடு கிடையாது. அதே கல், அதே தூரம், அதே வீடு. அப்படியிருந்தும் ஆண்களுக்கான தேசியப் போட்டி 1927-ஆம் ஆண்டில் தொடங்க, பெண்கள் 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள்! கல்லின் எடையைக் குறைக்காதவர்கள் வாய்ப்பைத் தருவதில் மட்டும் கை குறுகியவர்களாக இருந்திருக்கிறார்கள்.

1961-இல் ஒட்டாவா நகரில் நடந்த முதற்போட்டியில் சஸ்காச்சுவான் மாகாணத்தின் ஜாய்ஸ் மெக்கீ குழு வென்றது. பணம் கொடுத்து ஆதரித்தது டொமினியன் என்னும் மளிகைக்கடை நிறுவனம். 1972 முதல் 1979 வரை மெக்டொனால்டு என்னும் புகையிலை நிறுவனம். அடுத்த இரண்டு ஆண்டுகள் ஆதரிப்பார் யாருமில்லை. போட்டி நின்றுவிடவில்லை, பெண்கள் நடத்தத்தான் செய்தார்கள். 1982-இல் ஸ்காட் என்னும் மென்தாள் நிறுவனம் முன்வந்தது. அன்றுதொட்டுப் போட்டிக்கு 'இதயங்களின் போட்டி' என்று பெயர். 2007 முதல் அது 'ஸ்காட்டிஸ்' இதயங்களின் போட்டி. இதில் ஆட முதன்முறை வருகிறவர்களுக்கு நான்கு இதய வடிவங்கள் கொண்ட கழுத்தணி தருவது வழக்கம். நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த வழக்கம் பிடித்துப்போகும் என்று நினைக்கிறோம்.

ஒவ்வொரு மாகாணமும் தனக்குள் போட்டி வைத்து ஒரு குழுவை அனுப்புகிறது. 1985 முதல், முந்திய ஆண்டு வென்ற குழுவும் 'கனடாக் குழு' என்ற பெயரில் மீண்டும் வந்து ஆடுகிறது. 2021-இல் குழுக்களின் எண்ணிக்கை 18 ஆயிற்று. அந்த ஆண்டு கோவிட் தொற்றின் காரணமாகக் கல்காரி நகரில் பார்வையாளர் ஒருவரும் இல்லாத அரங்கில் போட்டி நடந்தது. கெர்ரி ஐனர்சன் என்பவரின் குழு 2020 தொடங்கி 2023 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வாகை சூடியது.

இப்போது கோலின் ஜோன்ஸ் என்னும் வீராங்கனையிடம் வருவோம். நோவா ஸ்கோஷியா மாகாணத்துக்காரர். 1982-இல் தம் இருபத்திரண்டாம் வயதில் தலைவியாக நின்று வென்றார். அடுத்த வெற்றி எப்போது? 1999-இல். இடையில் பதினேழு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவர் தொலைக்காட்சிச் செய்தியாளராக வேலை பார்த்தார், பிள்ளைகளை வளர்த்தார், ஆட்டத்தை விடவில்லை. முப்பத்தொன்பதாம் வயதில் இரண்டாம் முறை வென்றவர், அதே தோழியர் மூவரோடு 2001, 2002, 2003, 2004 என்று தொடர்ந்து நான்கு முறை வென்றார். மொத்தம் ஆறு பட்டங்கள். இந்தப் போட்டியில் அவர் இருபத்தொரு முறை ஆடியிருக்கிறார். 2025 நவம்பரில், தம் அறுபத்தைந்தாம் வயதில் காலமானார்.

இதைச் சொல்லும்போது எங்களைப் போன்ற தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் அன்றாடம் காண்பது நினைவுக்கு வராமல் போவதில்லை. வலைப்பந்தில் துள்ளி ஓடிய பெண்பிள்ளை, பையன்களை ஓட்டத்தில் முந்திய பெண்பிள்ளை, இடைநிலைப் பள்ளிக்குப் போன ஓரிரு ஆண்டுகளில் திடல் பக்கமே தலைகாட்டுவதில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு இனி என்ன ஆட்டம்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளையும் தலையாட்டிவிடுகிறது. பன்னிரண்டு வயதில் முடிந்துபோவதாக இங்கே நினைக்கும் ஒன்றை, கனடாவின் பெண்கள் நாற்பதிலும் வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே குளிர்காலம் நீண்டது, வேறு பொழுதுபோக்கு இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். அதை நாங்கள் முழுவதும் ஒப்புக்கொள்வதற்கில்லை. இங்கே மழைக்காலமும் நீண்டதுதான். பொழுது எப்படிப் போகிறது என்பது நமக்குத் தெரியும்.

ஆட்டம் எவ்வளவு விறுவிறுப்பாக இருக்கும் என்பதற்கு 2005-ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தைச் சொல்ல வேண்டும். இடம், நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரம். ஒன்டாரியோவின் ஜென் ஹானா குழு 6, மனிடோபாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ் குழு 4. பத்தாம் சுற்று. பதினைந்து கற்கள் ஓடி முடிந்தன. ஒன்டாரியோவின் கல் நடுப்புள்ளியில் உட்கார்ந்திருக்கிறது. அதை நேராக அடிக்க வழியில்லை. ஜெனிஃபர் ஜோன்ஸ் தொழிலால் வழக்கறிஞர். அவர் கையில் ஒரே ஒரு கல். வீட்டுக்கு வெளியே ஓரமாகக் கிடந்த ஓர் எதிரிக் கல்லை நோக்கி அதை விட்டார். அதன் பக்கவாட்டில் மோதிய கல், கேரம் அடிப்பான் ஒரு காயில் பட்டு இன்னொரு காயை நோக்கித் திரும்புவது போலத் திரும்பி, நடுவில் இருந்த கல்லை வெளியே தள்ளியது. ஒரே கல்லில் நான்கு புள்ளிகள். 8-க்கு 6 என்று மனிடோபா வென்றது. கர்லிங் இரசிகர்கள் இன்றும் அந்த ஒரு கல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு கடுமையாக மோதினாலும், ஆட்டத்தில் ஒரு பழைய ஒழுக்கம் இருக்கிறது. ஓடும் கல்லின்மேல் துடைப்பம் பட்டுவிட்டால், பட்டவளே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இனி வெல்ல வழியில்லை என்று தெரிந்துவிட்டால், சுற்றுகள் மீதமிருக்கும்போதே எதிரிக்குக் கை கொடுத்து ஆட்டத்தை முடித்துக்கொள்வார்கள். அதை யாரும் கோழைத்தனமாகக் கருதுவதில்லை.

கடைசியாக, சாண்ட்ரா ஷ்மிர்லர். சஸ்காச்சுவானின் கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள பிகர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவரும் ஜான் பெட்கர், ஜோன் மெக்கஸ்கர், மார்சியா குடரைட் ஆகிய மூவரும் சேர்ந்து 1993, 1994, 1997 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டமும் உலகப் பட்டமும் வென்றார்கள். இவர்களுள் ஜோன் மெக்கஸ்கர் தொடக்கப் பள்ளி ஆசிரியை என்பதை நாங்கள் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். 1997 செப்டம்பரில் சாண்ட்ராவுக்கு முதற் குழந்தை பிறந்தது. இரண்டே மாதங்களில், ஒலிம்பிக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் இறங்கி வென்றார். 1998-இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில், கர்லிங் பதக்கம் முதன்முதலாகப் பெண்களுக்கு வழங்கப்பட்டபோது, அந்தத் தங்கம் இந்த நால்வருக்கே கிடைத்தது.

அதற்குப்பின் அவருக்கு நெடுநாள் வாய்க்கவில்லை. இரண்டாம் குழந்தை பிறந்த சில மாதங்களில் புற்றுநோய் என்று தெரியவந்தது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள், முப்பத்தாறு வயதில் சாண்ட்ரா மறைந்தார். அவருடைய இறுதிச் சடங்கு கனடாத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. மறு ஆண்டு, அவர் பெயரால் அறக்கட்டளை ஒன்று தோன்றியது. குறைமாதத்தில் பிறந்தும் நோயுற்றும் உயிருக்குப் போராடும் சிசுக்களுக்காக, மருத்துவமனைகளுக்குக் கருவிகள் வாங்கித் தருவது அதன் பணி. அதற்கான நிதி பெண்களின் தேசியப் போட்டி நடக்கும் நாள்களில், ஆட்டம் ஒளிபரப்பாகும் அதே தொலைக்காட்சி வழியாகத் திரட்டப்பட்டு வந்திருக்கிறது.