கந்தரோடையில் வீழ்ந்த பம்பாய்த் தமிழர்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேஜர் இராமசாமி பரமேசுவரன். இந்தப் பெயரை நம் மேடைகளில் எத்தனை முறை உச்சரித்திருக்கிறோம்? 1946 செப்டம்பர் 13-ஆம் நாள் இந்தப் பம்பாய் நகரிலே பிறந்தவர் அவர். நம் பிள்ளைகள் பலர் படிக்கின்ற தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியில் படித்தார். அச்சங்கத்தின் கல்லூரியில் 1968-இல் பட்டம் பெற்றார். அது எப்படிப்பட்ட காலம்? 1966-இல் சிவசேனை தோன்றி, 'தென்னாட்டான் நம் வேலையைப் பறிக்க வந்தவன்' என்று தெருவெல்லாம் முழங்கிய காலம். 'மதராசி' என்பது வசைச் சொல்லாக இருந்த காலம்.

அந்தத் தெருக்களில் நடந்த இளைஞர் 1972-இல் இராணுவ அதிகாரியாகிப் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? மகார் படைப்பிரிவு! தாழ்ந்த சாதி என்று சொல்லி வெள்ளையன் பட்டாளத்துக் கதவை அடைத்தானே, அந்த மக்களுக்காக அண்ணல் அம்பேத்கர் வாதாடி, 1941-இல் எழுந்த படைப்பிரிவு. அதற்கு மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரத்தைப் பெற்றுத் தந்தவர் 'மதராசி' என்று ஏசப்பட்ட கூட்டத்திலே பிறந்தவர்.

1987 ஜூலை 29-இல் இராஜீவ் – ஜெயவர்த்தனா ஒப்பந்தம். அமைதி காக்கப் போன படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கிற்று. நவம்பர் 25, நள்ளிரவு கடந்த நேரம். யாழ்ப்பாணத்துக் கந்தரோடைப் பகுதியில் தேடுதலை முடித்துத் திரும்பிய பரமேசுவரனின் அணியைப் பதுங்கியிருந்தவர்கள் தாக்கினர். இருட்டு, எதிரி எத்தனை பேர் என்று எண்ண நேரமில்லை. தரையோடு தரையாய்ப் படுத்து விடியும்வரை சுட்டுக் கொண்டிருந்திருக்கலாம். அவர் வீரர்களை அழைத்துக் கொண்டு சுற்றி வளைத்துப் பின்புறமாகப் பாய்ந்தார். கைகலப்பு. மார்பில் குண்டு பாய்ந்தது. சுட்டவனிடமிருந்தே துப்பாக்கியைப் பறித்து அவனைச் சுட்டார். சாய்ந்த பிறகும், மூச்சு அடங்கும்வரை ஆணையிட்டுக் கொண்டிருந்தார் என்கிறது விருதுப் பத்திரம். வயது 41.

இறந்த ஐந்து போராளிகளும் நம் மொழி பேசியவர்கள்தாம். அவர்களுக்கும் தாய் இருந்தாள். இதைச் சொல்ல நான் கூசவில்லை.

இந்தப் பெயர் நம் நாவில் வராமல் போனதற்குக் காரணமும் இதுதான். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் அந்தப் படை புகுந்தபோது மருத்துவர்களும் செவிலியரும் நோயாளிகளும் மாண்டார்கள். மறக்க முடியுமா? மறக்கத்தான் வேண்டுமா? ஏறத்தாழ 1,200 பேரைப் பறிகொடுத்து 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகம் திரும்பியபோது, முதல்வர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. அந்த முடிவுக்குப் பின்னால் தமிழ்நாட்டின் நெஞ்சக் கொதிப்பு இருந்தது. அதை நான் பழிக்க மாட்டேன்.

ஆனால், தோழர்களே, போரை முடிவு செய்தவர்கள் டில்லியிலும் கொழும்பிலும் இருந்தார்கள். கந்தரோடையில் இருட்டில் கிடந்தவன் எதை முடிவு செய்தான்? தன் பின்னால் வந்தவர்கள் உயிரோடு திரும்ப வேண்டும் என்பதை மட்டுமே முடிவு செய்தான். ஆட்சியாளரின் கணக்கைத் தீர்க்கப் பிணத்தின் மேல் பற்று எழுதுவது என்ன நியாயம்?

பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் அணிவகுப்புத் திடலுக்கு அவர் பெயர் இருக்கிறது. 2023-இல் அந்தமான் தீவொன்றுக்கும் சூட்டினார்கள். அரசு தன் கடமையை ஒருவாறு செய்துவிட்டது. அவர் பிறந்த ஊரின் தமிழ்ச் சங்கம் என்ன செய்தது?

ஆகவே இந்த அவையின் முன் ஒரு தீர்மானம் வைக்கிறேன். வருகின்ற நவம்பர் 25 அன்று இதே மண்டபத்தில் கூடுவோம். மேஜர் பரமேசுவரனின் படத்துக்கு மாலையிடுவோம். அன்றே, அதே மேடையில், அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்தில் மாண்ட பொதுமக்களுக்கும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம். இரண்டில் ஒன்றுக்கு மட்டும் வருவேன் என்பவர்கள் அந்த ஒன்றுக்காவது வரட்டும். நாற்காலி போட்டு வைக்கிறேன்.