கறளும் வடுவும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரிலே கவிதையைப் பற்றியும் நாவலைப் பற்றியும் பலர் பேசியிருக்கிறார்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பழைய வாகனம். இலக்கியத்துக்கும் கறள் பிடித்த ஒரு லாண்ட் ரோவருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நமது சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். செல்லரித்த ஏட்டை முன்னே வைத்துக்கொண்டு பதிப்பாசிரியர் கேட்கும் கேள்வி என்ன? எதைக் களைவது, எதை இருந்தபடியே விடுவது என்பதுதான். வீட்டு முற்றத்தில் ஒரு பழைய வாகனத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது எங்கள் குடும்பத்தின் முன்னாலும் அதே கேள்விதான் வந்து நின்றது.

முதலில் வாகனத்தின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பிரித்தானியாவிலே உருக்குக்குப் பெரும் தட்டுப்பாடு. ரோவர் கம்பனியின் பொறியியலாளரான மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் அங்கிள்சித் தீவிலிருந்த தமது பண்ணையில், போரில் பயன்பட்ட ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதற்கு மாற்றாக 1947 இல் அவர் எண்ணிப் பார்த்த வாகனமே, 1948 ஏப்ரல் 30 ஆம் திகதி அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகின் முன் வைக்கப்பட்ட லாண்ட் ரோவர். உருக்கு பங்கீட்டில் கிடைத்த காலமாகையால் உடலை அலுமினியக் கலவைத் தகட்டிலே செய்தார்கள். ஆரம்ப வண்டிகளுக்குப் பூசிய பச்சை நிறம்கூடப் போருக்குப்பின் மிஞ்சிக் கிடந்த பூச்சுத்தான். இல்லாமையிலே பிறந்த வண்டி அது. 1976 இல் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. அந்தப் பரம்பரையின் கடைசி வண்டி சோலிஹல் தொழிற்சாலையை விட்டு வந்தது 2016 ஜனவரியில்.

இந்த வண்டி நமது மலையகத் தோட்டங்களுக்கும் வந்தது. துரைமார் ஏறினார்கள், உரமூடை ஏறியது, மழைக்காலத்தில் லொறி ஏற மறுத்த பாதைகளில் கொழுந்துச் சாக்கும் ஏறியது. பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே என் தகப்பனார் சாரதி. அவர் ஓட்டியது 1967 ஆம் ஆண்டு வண்டி. சக்கரத்துக்குச் சக்கரம் 109 அங்குலம். பின்பக்கம் திறந்த பெட்டி. கியர்த் தடிக்குப் பக்கத்திலே இன்னும் இரண்டு தடிகள். மஞ்சள் குமிழை அழுத்தினால் முன்சக்கரங்களும் இழுக்கத் தொடங்கும். சிவப்புக் குமிழைப் பின்னால் இழுத்தால் வண்டி யானையைப்போல மெதுவாக, ஆனால் நிற்காமல், செங்குத்தில் ஏறும். சிறுவயதில் எனக்கு அந்த இரண்டு நிறங்களும் ஒரு மந்திரம்போல இருந்தன.

1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. சில ஆண்டுகளில் புது வாகனங்கள் வந்தன. பழைய வண்டி ஏலத்துக்கு வந்தபோது, அப்பா தம்முடைய சேமலாப நிதியில் ஒரு பங்கைக் கொடுத்து அதை வாங்கினார். அம்மா ஒரு மாதம் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. சில காலம் ஓடிற்று. பிறகு எங்கள் வீட்டுப் பலாமரத்தின் கீழே நான்கு கற்களின்மேல் ஏறி நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே நின்றது. கோழி அடைகாத்தது. பழைய இரும்பு வாங்குபவர்கள் வாசலுக்கு வந்து விலை சொல்லிவிட்டுப் போனார்கள்.

2022 ஆம் ஆண்டு நாட்டில் எரிபொருள் வரிசைகள் மைல் கணக்கில் நீண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாடசாலைகள் மூடப்பட்டன. ஆசிரியனாகிய நானும், பிள்ளைகள் இருவரும் வீட்டிலே. ஒருநாள் மகன் சொன்னான்: “அப்பா, பெற்றோல் கேட்காம நிக்கிற வண்டி ஊரிலேயே நம்ம வண்டி ஒண்ணுதான். அதைக் கழட்டிப் பாப்பமா?” அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தமது பழைய ஸ்பானர்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

கழற்றும்போதுதான் ஒரு வண்டியின் சரித்திரம் தெரியும். உடற்பகுதி அலுமினியமாகையால் நிறம் மங்கியிருந்ததே தவிர உருக்குலையவில்லை. அலுமினியம் காற்றுப் பட்டவுடன் மெல்லியதொரு படலத்தைத் தன்மேல் தானே போர்த்திக்கொள்ளும். அந்தப் படலம் அதைக் காக்கும். இரும்பின் குணம் அதற்கு நேர்மாறு. நீரும் காற்றும் சேர்ந்தால் கறள் உண்டாகும். அந்தக் கறள் தானிருந்த இரும்பைவிட அதிக இடம் பிடித்து, வீங்கி, பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்படும். அதையும் கறள் தின்னும். ‘செசி’ என்று கராஜ்களில் சொல்லும் அடிச்சட்டம் உள்ளே பொள்ளலான உருக்குப் பெட்டி. ஐம்பது ஆண்டுச் சேறும் ஈரமும் அதற்குள்ளே தங்கியிருந்தன. வெளியே வழுவழுப்பாகத் தெரிந்த இடத்தில் அப்பா சின்னச் சுத்தியலால் தட்டினார். சில இடங்களில் மணிபோல ஒலித்தது. சில இடங்களில் மண்சட்டிபோல மொத்தையான சத்தம். மொத்தையாக ஒலித்த இடத்தையெல்லாம் சோக்கட்டியால் வட்டமிடச் சொன்னார்.

வேலை பங்காயிற்று. என் மனைவி வெற்றுப் பால்மா டின்களை வரிசையாக வைத்து, கழற்றிய ஒவ்வொரு ஆணியும் எந்த இடத்தது என்று எழுதி ஒட்டினாள். ஆசன உறைகளைத் தையல் மெஷினிலே தானே தைத்தாள். மகள் அப்போது உயர்தரத்தில் இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தாள். பெரிய பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடாக் கரைசல் வைத்து, பற்றரிச் சார்ஜரின் மறைமுனையைக் கறள் பிடித்த துண்டிலும் நேர்முனையை ஒரு கழிவு இரும்பிலும் கொடுத்தாள். மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்துத்தான் இது நடக்கும். குமிழி குமிழியாக ஐதரசன் வரும். ஆகையால் வாளி எப்போதும் வெளி முற்றத்திலே. மறுநாள் எடுத்துத் தூரிகையால் தேய்த்தால் கறுப்புச் சேறாகக் கறள் கழன்று, அடியிலே இரும்பு தெரியும். “தாத்தா, பாருங்க, நம்பர் கூடத் தெரியுது” என்று அவள் கூவியபோது, பள்ளிக்கூடம் அதிகம் போகாத என் தகப்பனார் அந்த வாளியையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ஜின் இறுகிப்போயிருந்தது. சிலிண்டர்களுக்குள் எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். முன்னாலே கைபிடி போட்டுச் சுற்றும் வசதி அந்த வண்டிக்கு உண்டு. மகன் ஒவ்வொரு காலையும் சுற்றிப் பார்ப்பான், அசையாது. “இன்னும் ஊறட்டும்” என்பார் அப்பா. பலத்தைப் போட்டால் உடையும், பொறுத்தால் கழலும் என்பது அவருடைய சித்தாந்தம். ஐந்தாவது வாரத்தில் ஒரு விரற்கடை அசைந்தது.

அடிச்சட்டத்தை ஒட்டுவதற்கு நகரத்திலிருந்து ஒரு சிங்கள வெல்டிங் பாஸ் வந்தார். நாங்கள் சோக்கால் வட்டமிட்ட இடங்களைப் பார்த்துவிட்டு, அதைவிடப் பெரிய வட்டம் ஒவ்வொன்றுக்கும் போட்டார். மகனுக்குப் பதறிவிட்டது. இவ்வளவு வெட்டினால் மிஞ்சுவது என்ன? அவர் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “தம்பி, நல்ல இரும்பு வாற வரைக்கும் வெட்ட வேணும். கறள் மேலே ஒட்டு நிக்காது.” நான் இலக்கண வகுப்பிலே எத்தனையோ சூத்திரங்கள் சொல்லிக் கொடுத்தவன். இவ்வளவு சுருக்கமான சூத்திரத்தை நான் சொன்னதில்லை.

அவரிடம் கற்ற பாடம் இன்னொன்றும் உண்டு. அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு, இடையிலே ஈரமும் நின்றால், அரிக்கப்படுவது அலுமினியம். வெள்ளைத் தூளாக உதிரும். இரண்டுக்கும் நடுவே பூச்சோ ரப்பரோ வைத்துவிட்டால் இரண்டும் காலம் முழுவதும் சேர்ந்திருக்கும். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவையும் மாற்றியபின் இது அப்பா ஓட்டிய வண்டிதானா? இந்தச் சந்தேகம் புதியதல்ல. ‘மிலிந்த பஞ்ஹா’ என்ற பாளி நூலிலே, நாகசேனர் என்ற பிக்கு, தேரில் வந்த மிலிந்த மன்னனைக் கேட்கிறார்: சக்கரம் தேரா, அச்சுத் தேரா, நுகம் தேரா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்கிறான் மன்னன். அப்படியானால் தேர் எங்கே? உறுப்புகள் சேர்ந்திருக்கும்போது நாம் வழங்கும் பெயர்தான் தேர் என்று விடை வருகிறது. என் மகன் அந்தக் கட்சி. எல்லாம் மாறலாம், பெயர் இருந்தால் போதும் என்றான். நானும் ஏறக்குறைய அதே எண்ணத்தில்தான் இருந்தேன், முன்பக்கத்து இடது மட்கார்ட் வெளியே வரும்வரை.

அந்த மட்கார்டில் ஒரு பெரிய நெளிவு. நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய நெளிவு. மகன் ரப்பர்ச் சுத்தியலும் மரக்கட்டையும் எடுத்தான். “தாத்தா, இத நிமித்திட்டா புதுசு மாதிரி ஆயிடும்.”

“வேணாம்பா. அத மட்டும் தொடாத.”

அன்றுதான் சொன்னார். 1974 ஆம் ஆண்டு. தோட்டங்களிலே பஞ்சம் நிலவிய காலம். மாவும் அரிசியும் கிடைக்காமல் லயங்களில் மனிதர் இலைகுழையை அவித்துத் தின்ற காலம். ஒரு மழை இரவில், பிரசவ வேதனையிலிருந்த ஒரு பெண்ணைப் பின்பெட்டியில் படங்கு விரித்துக் கிடத்திக்கொண்டு, பதினாலு மைல் தூரத்து வைத்தியசாலைக்கு வண்டியை விட்டிருக்கிறார். பனிமூட்டம். ஒரு திருப்பத்தில் வண்டி வழுக்கி மண்மேட்டில் மோதியது. மட்கார்ட் நெளிந்து சக்கரத்தைக் கவ்விக்கொண்டது. கொட்டும் மழையில் அலவாங்கால் நெம்பி, சக்கரத்தை விடுவிக்க அரைமணி நேரம். விடியுமுன் வைத்தியசாலையை அடைந்தார்கள். குழந்தை பிழைத்தது. தாய் பிழைக்கவில்லை. சாப்பாடு இல்லாத உடம்பு, முன்னதாக வந்திருந்தாலும் தாங்கியிராது என்று அங்கே சொன்னார்களாம். அந்த அரைமணி நேரத்தை அப்பா நாற்பத்தெட்டு ஆண்டுகளாகத் தமக்குள்ளே வைத்திருந்திருக்கிறார். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அந்தக் குடும்பம் குழந்தையோடு இந்தியாவுக்குப் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்குக் கல்லறை இருந்த இடத்தில் இப்போது தேயிலை.

யாரும் பேசவில்லை. மகன் சுத்தியலைக் கீழே வைத்தான். மகள் ஈரத் துணியால் அந்த நெளிவைத் துடைத்தாள். அலுமினியத் தகடாகையால் அந்த இடத்தில் ஒரு பொட்டுக் கறளும் இல்லை. அன்றிரவு பட்டது அன்றிரவு பட்டபடியே இருந்தது.

நேயர்களே, புண்ணையும் வடுவையும் ஒரே குறளில் வைத்து வேறுபடுத்திக் காட்டியவர் நமது வள்ளுவர். நான் இந்த வண்டியிலிருந்து இன்னொரு வேறுபாட்டைக் கற்றேன். கறள் வேறு, வடு வேறு. கறள் இன்னும் தின்றுகொண்டிருப்பது; அதன்மீது இரக்கம் கூடாது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டத்தான் வேண்டும். வடு அப்படியல்ல. அது நடந்து முடிந்ததற்குச் சாட்சி. அதைத் தட்டி நிமிர்த்திப் பூச்சுப் பூசினால் வண்டி அழகாகலாம். ஆனால் ஒரு பெண் இந்த மண்ணிலே எப்படிச் செத்தாள் என்பதைச் சொல்ல மிஞ்சியிருந்த ஒரே எழுத்தும் அழிந்துவிடும். பழைய ஏட்டைத் திருத்துகிறவர் தமக்கு விளங்காத வரியை ‘அழகாக’ மாற்றிவிடுவது எவ்வளவு பெரிய தீங்கோ, அவ்வளவு பெரிய தீங்கு இது.

ஆகவே எங்கள் வண்டிக்குப் புதிய தரைத்தகடு உண்டு, புதிய குறுக்குச் சட்டம் உண்டு, நாகப் பூச்சும் அதன்மேல் பச்சை நிறமும் உண்டு. இடது மட்கார்ட் பழைய நெளிவோடு, அதே பச்சையில். 2024 தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் என்ஜின் பிடித்தது. மகன் ஓட்ட, அப்பா இடப்பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்தார். தோட்டப் பாதையின் செங்குத்தில் மகன் தடுமாறியபோது, கிழவரின் கை தானாகவே நீண்டு சிவப்புக் குமிழைப் பிடித்தது.

உங்கள் வீட்டின் பின்பக்கத்திலும் ஏதாவது ஒன்று கற்களின்மேல் நின்றுகொண்டிருக்கலாம். வண்டியாக இருக்கலாம், ஒரு தையல் மெஷினாக இருக்கலாம், அப்பாவின் பெட்டியாகவும் இருக்கலாம். அதைத் திருத்துங்கள், பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு திருத்துங்கள். ஆனால் நெளிவைக் கண்டதும் சுத்தியலைத் தூக்கிவிட வேண்டாம். வீட்டுப் பெரியவரிடம் அது எப்படி வந்தது என்று முதலிலே ஒரு வார்த்தை கேளுங்கள்.