கொழும்புக்குப் போன வரி



பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். ஊவா மக்கள் ஊர் சுற்றிப் பார்க்கட்டும் என்றா வெள்ளைக்காரர் இவ்வளவு குகைகளைக் குடைந்து பாதை போட்டார்கள்? தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான். பெட்டிகள் போயின. அவற்றின் மேல் விதித்த வரியும் கொழும்பிலேயே சேர்ந்தது. அந்த வரியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

மண்ணிலிருந்து செல்வம் எடுக்கும் தொழில்களுக்கு நியாயமான வரி எது என்று கேட்டால், பத்து வீதமா, இருபது வீதமா என்றுதான் பேச்சுத் தொடங்குகிறது. ஊவாவின் அனுபவம் வேறு. தேயிலை கனிமம் அல்ல, சரிதான். ஆனாலும் காட்டை வெட்டி, மலைச்சரிவின் மேல்மண்ணை மழைக்குக் கொடுத்து, கோப்பிக் காலம் தொட்டு எடுத்துவந்த செல்வம் அது. சுதந்திரத்துக்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலை தந்தது. அதன் ஏற்றுமதித் தீர்வை திறைசேரியின் பெரிய வருவாய்களில் ஒன்று. நாட்டுப் பிள்ளைகளின் இலவசக் கல்விக்கும் அந்தப் பணம் உதவியது.

இலவசக் கல்வி வந்தது 1945இல். தோட்டப் பாடசாலைகளோ துரைமார் பொறுப்பிலேயே கிடந்தன. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு எடுத்தபோதும் அவற்றைத் தொடவில்லை. 1970களில்தான் அவற்றுக்கு விடிவு வந்தது. ஆக, வரி குறைவென்று அன்று யாரும் சொல்லியிருக்க முடியாது. வரி போன இடத்திலிருந்து கொழுந்து பறித்தவளின் பிள்ளைக்குத் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. சபையின் பணத்தைத் தோட்டத்து லயங்களுக்கும் பாதைகளுக்கும் செலவிட அது தடையாக நின்றது. பசறையிலும் ஹாலிஎலையிலும் தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள். தோட்டப் பாதையைத் திருத்தக் கேட்டால், அது கம்பனியின் காணி என்று பதில் வந்தது. அந்தப் பிரிவைத் திருத்த 2018 வரை ஆயிற்று. இடையில், 2014 ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியது. அபாயம் இருக்கிறது என்று அதிகாரிகள் முன்பே எச்சரித்திருந்த இடம் அது. ஆட்களை வேறிடத்தில் குடியேற்ற யாருடைய பணம், யாருடைய காணி என்ற கேள்விக்கு விடை கிடைக்குமுன் மலை இறங்கிவிட்டது.

இப்போது மாணிக்கக்கல்லுக்கு வருவோம். ஊவாவிலேயே, மொனராகலை மாவட்டத்தில், மாணிக்கம் தோண்டும் ஒக்கம்பிட்டிய என்ற பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. தேயிலைக்கு 1883 முதல் கொழும்பில் ஏலம் நடக்கிறது. கிலோ என்ன விலை போனது என்று நாடே அறியும், வரி போடுவதும் எளிது. கல்லோ சட்டைப் பையில் அடங்கும். உண்மையான விலை விற்றவருக்கும் வாங்கியவருக்கும்தான் தெரியும். அதனால் கல்லின் மதிப்புக்கு வரி போடுவதை விட அனுமதிப்பத்திரக் கட்டணத்தை வாங்குவதே அரசுக்குச் சுலபம். மணலும் கருங்கல்லும் இந்த இரண்டுக்கும் நடுவில்: கியூப் கணக்கில் அளந்துவிடலாம், லொறியை எண்ணத்தான் ஆள் வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி கனிமங்கள் குடியரசுக்குரியவை. அவற்றை எடுப்பவர் கட்டும் ரோயல்டி போவது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்துக்கு. லொறி உடைக்கும் பாதை மட்டும் பிரதேச சபையின் பாதை.

இதே பிரச்சினையைத் தமிழ்நாடு வேறு விதமாகக் கண்டது. சுண்ணாம்புக்கல் வெட்டிய ஒரு சிமெந்து நிறுவனத்திடம், பஞ்சாயத்துச் சட்டத்தின்கீழ் ரோயல்டியின் மேலும் ஒரு மேல்வரி கேட்டார்கள். ரோயல்டியே ஒரு வரி, அதன் மேல் மாநிலம் வரி போட முடியாது என்று 1989இல் இந்திய உச்ச நீதிமன்றம் தள்ளியது. முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 2024 ஜூலை 25 அன்று, ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அதை மாற்றினார்கள்: ரோயல்டி என்பது குத்தகைக்காரர் கனிமத்துக்குத் தரும் தொகை, வரி அல்ல, வரி போடும் உரிமை மாநிலத்துக்கு உண்டு. அதற்கு முன்பே, 2015இல், சுரங்கம் உள்ள மாவட்டங்களுக்கு ஒரு தனி நிதியை இந்தியா சட்டமாக்கியது. பழைய குத்தகைகளில் ரோயல்டியில் 30 வீதத்துக்குச் சமமான தொகையையும், புதியவற்றில் 10 வீதத்தையும் கம்பனி அந்த நிதிக்கு மேலதிகமாகக் கட்ட வேண்டும். நிதி செலவழியாமல் தேங்கிக் கிடக்கிறது என்ற குறை அங்கேயும் உண்டு. ஆனாலும் ஊருக்கு ஒரு பங்கு என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதே, அதுவே நமக்கு இல்லாத ஒன்று.

ஆகவே, பெருந்தோட்டக் கம்பனிகள் அரசுக்குக் கட்டும் குத்தகைப் பணத்திலும், கல், மணல், மாணிக்கத்தின் ரோயல்டியிலும் கட்டணத்திலும் ஒரு பங்கு அந்தந்தப் பிரதேச சபைக்குச் சட்டப்படி வர வேண்டும். வீதத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்ற வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் பிரதேசத்தில் கடந்த ஆண்டு எத்தனை அனுமதிப்பத்திரம் கொடுத்தார்கள், எவ்வளவு ரோயல்டி வாங்கினார்கள், அதில் சபைக்கு வந்தது எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.