சான்றிதழும் சாட்சியும்

(யூபிலி ஆண்டையொட்டி நடந்த இளையோர் வழிகாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வேலைக்கு மனுப் போடும் நம் பிள்ளைகளுக்கு உதவியாக ஏதாவது சொல்லுங்கள் என்று பங்குத்தந்தை என்னைப் பணித்தார்கள். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, போன ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் வந்து, "ஐயா, என் மகன் டிகிரி முடிச்சிட்டான். பயோடேட்டாவுல பத்தாம் வகுப்பு மார்க்கையும் எழுதணுமா? அதுல கொஞ்சம் குறைச்சல். விட்டுட்டா தப்பாகுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியே இன்று என் உரைக்குப் பொருளாகிவிட்டது. சிறிய கேள்விதான். ஆனால் அதற்குள் ஒரு குடும்பத்தின் கவலையும், ஒரு பிள்ளையின் வெட்கமும், நம் மனச்சாட்சிக்கு ஒரு சோதனையும் அடங்கியிருக்கின்றன.

நம் பகுதியை ஒரு காலத்தில் படிப்பில் பின்தங்கிய பகுதி என்றார்கள். இன்றைய நிலை என்ன? 2023இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் 97.67 சதவீதம் பெற்று மாநிலத்தில் முதலிடம் பிடித்தது பெரம்பலூர் மாவட்டம். மறு ஆண்டு, 2024இல், 97.31 சதவீதத்துடன் அதே இடத்தைப் பிடித்தது அரியலூர். 2025இல் பிளஸ் டூவிலும் 98.82 சதவீதத்துடன் அரியலூரே முதலிடம். மானாவாரிப் பருத்தியையும் மக்காச்சோளத்தையும் நம்பி வாழும் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் பெற்ற வெற்றி இது. இதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்வோம். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் தேறிவிட்ட ஊரில், "தேறினேன்" என்ற ஒரு சொல் மட்டும் வேலை வாங்கித் தருமா? மதிப்பெண்ணை எங்கே எடுத்துச் சொல்வது, எங்கே சுருக்கிச் சொல்வது என்று அறிந்துகொள்ளவேண்டிய காலம் இது.

முதலாவது, எழுதியே தீரவேண்டிய இடங்கள். அஞ்சல் துறையில் கிராம அஞ்சல் ஊழியர் வேலைக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சதவீதமாக்கி, 4 தசம இடங்கள் வரை கணக்கிட்டுத் தரவரிசை போடுகிறார்கள். அங்கே ஒரே ஒரு மதிப்பெண்கூட ஒருவரை உள்ளே விடும், இன்னொருவரை வெளியே நிறுத்தும். பெரிய கம்பெனிகள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும்போது, பத்திலும் பன்னிரண்டிலும் பட்டப்படிப்பிலும் 60 சதவீதம் வேண்டும் என்பது போன்ற நிபந்தனை வைப்பதுண்டு. கேட்ட இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதவேண்டும். அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி என்பது வாசற்படி மட்டுமே. உள்ளே சென்றபின், அந்தத் தேர்வில் நீங்கள் எடுக்கும் மதிப்பெண்தான் பேசும். ஆகவே, "பத்தாவதில் குறைந்துவிட்டேனே" என்று அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழவேண்டாம்.

இரண்டாவது, சுருக்கமாகச் சொன்னால் போதுமான இடங்கள். ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்து, சிமெண்ட் ஆலையில் ஐந்தாண்டு வேலை பார்த்த இளைஞன், தன் பயோடேட்டாவின் உச்சியில் பத்தாம் வகுப்பு அறிவியல் மதிப்பெண்ணை எழுதுவானேன்? தொழிற்சான்றிதழும், கையாண்ட இயந்திரங்களின் பெயரும், பணியாற்றிய ஆண்டுகளும் முதலில் வரட்டும். பள்ளிப்படிப்புக்குக் கடைசியில் ஒரே வரி போதும்: பள்ளி, தேறிய ஆண்டு. செவிலியர் படிப்பு முடித்த மகளுக்கு கவுன்சில் பதிவும் மருத்துவமனை அனுபவமும்தான் முதல் வரி. கல்லூரியை விட்டு இப்போதுதான் வெளியே வந்த பிள்ளைக்கோ காட்டுவதற்கு வேறு அனுபவம் இல்லை. ஆகவே மதிப்பெண் நன்றாக இருந்தால் எழுதட்டும். சுமாராக இருந்து, கம்பெனியும் கேட்காவிட்டால், தேறிய ஆண்டை மட்டும் எழுதட்டும். அம்மா, உங்கள் கேள்விக்கு இதுவே என் பதில்: கேளாத இடத்தில் எண்ணைச் சொல்லாமல் விடுவது பொய்யாகாது.

எழுதுவதிலும் ஒரு முறை உண்டு. பிளஸ் டூவுக்கு 2018 வரை மொத்தம் 1200 மதிப்பெண். 2019 முதல் 600. "540 எடுத்தேன்" என்று மொட்டையாக எழுதினால், படிப்பவர் 1200க்கு என்று நினைத்துவிடக்கூடும். மொத்தத்தையும் சேர்த்து எழுதுங்கள். 2021இல் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை. அவ்வாண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்ச்சி என்று மட்டுமே சான்றிதழ் கொடுத்தார்கள். அவர்கள் மதிப்பெண் எழுதாதது அவர்கள் குற்றமன்று. "2021, தேர்வின்றித் தேர்ச்சி" என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

வேலை தேடுவதற்கு மட்டுந்தானா பத்தாம் வகுப்புச் சான்றிதழ்? அதுவே பிறந்த தேதிக்கும் ஆதாரம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி வேண்டுமா, வேண்டாமா என்பதற்கும் அதுவே அளவுகோலாக இருந்துவந்திருக்கிறது. ஆகவே மதிப்பெண் குறைவு என்று அதைப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். லேமினேஷன் செய்யாமல், மடிக்காமல், ஒரு கோப்பில் வைத்துப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கை. விட்டுவிடுவது வேறு, மாற்றி எழுதுவது வேறு. 52ஐ 62 ஆக்குவதும், துணைத் தேர்வில் தேறிய ஆண்டை முதல் முறை தேறிய ஆண்டாகக் காட்டுவதும் எட்டாம் கட்டளைக்கு விரோதமான பொய்ச்சாட்சி. அது உலக வழக்கிலும் தப்பாது. அரசு வேலையில் சேர்ந்தபின்னும் சான்றிதழின் உண்மைத்தன்மையை அறிய அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு எழுதிக் கேட்கிறார்கள். கட்டிய வீடு ஒரே கடிதத்தில் சரிந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, ஓராண்டு செங்கல் சூளையில் வேலை செய்து, மறுபடி எழுதித் தேறினான். பிறகு டிப்ளமாவும் முடித்தான். ஆனால், "அந்த ஓராண்டு என்ன செய்தாய் என்று கேட்பார்களே" என்று பயந்து, மூன்று ஆண்டு எங்குமே மனுப் போடவில்லை. நானும் அவனும் சேர்ந்து ஒரு மாலையில் அவன் பயோடேட்டாவை எழுதினோம். தேறிய ஆண்டை உள்ளபடியே எழுதினோம். முதலில் போன இடத்தில் வேலை கிடைக்கவில்லை. இரண்டாவது இடத்தில், அவன் பயந்த கேள்வியையே கேட்டார்கள். "கணக்கில் பெயில் சார். சூளையில் வேலை பார்த்துக்கொண்டே படித்துத் திரும்ப எழுதினேன்" என்றான். கேட்டவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாராம். மூன்று ஆண்டு அவனை வீட்டில் பூட்டி வைத்தது மதிப்பெண் அல்ல, பயம். அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறான்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. நம் அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில், மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, 2017இல் பிளஸ் டூவில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தாள். மருத்துவராக வேண்டும் என்ற அவள் கனவுக்கு அந்த மதிப்பெண் உதவவில்லை; நீட் என்ற வேறொரு தேர்வே அவ்வாண்டு இடத்தைத் தீர்மானித்தது. 2017 செப்டம்பர் 1ஆம் நாள் அந்த மகளை நாம் இழந்தோம். 1176 எடுத்த பிள்ளைக்கும் கதவு மூடலாம் என்றால், மதிப்பெண்ணை வைத்து ஒரு பிள்ளையை எடைபோடுவது எவ்வளவு பெரிய தவறு! கதவு மூடிய நாளில் பிள்ளைக்கு முதலில் வேண்டியது அறிவுரை அன்று. "நாங்கள் இருக்கிறோம், வா சாப்பிடலாம்" என்ற சொல்தான். அந்தச் சொல்லை நாளைக்கென்று தள்ளிவைக்காதீர்கள்.

புனித பவுலடியாரை எண்ணிப் பாருங்கள். எருசலேமில் தம்மை எதிர்த்த கூட்டத்தின்முன், தாம் கமாலியேலிடம் கல்வி கற்றவர் என்று எடுத்துச் சொன்னார். அங்கே அது தேவைப்பட்டது. பிலிப்பியருக்கு எழுதும்போதோ, தம் குலம், கல்வி, பெருமை அனைத்தையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, கிறிஸ்துவை அறிவதற்குமுன் அவையெல்லாம் இழப்பே என்று ஒதுக்கிவிட்டார். தேவையான இடத்தில் சொன்னார். ஆனால் அதில் தம் மதிப்பை வைக்கவில்லை. நம் ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர் இத்தாலியில் எத்தனையாவதாகத் தேறினார் என்று யாராவது கேட்கிறோமா? 1732இல் அவர் தந்த சதுரகராதியை அல்லவா நினைக்கிறோம்! தொடக்கத்தில் சான்றிதழ் பேசும். பிறகு நம் உழைப்பே நமக்குச் சாட்சி.

யூபிலி என்றால் என்ன? லேவியர் ஆகமத்தின்படி, ஐம்பதாம் ஆண்டில் அடிமைக்கு விடுதலை கிடைக்கும், இழந்த நிலம் உரியவரிடம் திரும்பும். நம் பங்கின் இந்த யூபிலி ஆண்டில், பழைய மதிப்பெண்ணுக்கு அடிமைப்பட்டிருக்கும் பிள்ளைகளுக்கும் விடுதலை கிடைக்கட்டும். ஞாயிறுதோறும் திருப்பலிக்குப்பின் பங்கு மன்றத்தில் ஒரு மேசை போட்டு, படித்த நாலு பேர் உட்கார்ந்து, மனு எழுத உதவலாம் என்று பங்குப் பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆளாக உட்கார நான் தயார். அம்மா, உங்கள் மகனை அழைத்து வாருங்கள். வரும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் வெட்கமில்லாமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.